வேடிக்கை பார்க்கப் போகலாம்: சின்ன விமான நிலையங்களுக்கும் சொகுசுக் கப்பல் துறைமுகங்களுக்கும் ஒரு வழிகாட்டி

விமானங்களையும் கப்பல்களையும் வேடிக்கை பார்க்கும் இந்தப் பொழுதுபோக்குக்குள் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, நேராகப் பெரிய விமான நிலையத்துக்குப் போவது. அங்கே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கும். ஆனால் எதுவும் முழுதாகக் கண்ணில் படாது. இறங்கிய விமானம் டெர்மினலுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். யார் வந்து எதை மாட்டினார்கள், எப்போது கிளம்பியது, ஒன்றும் தெரியாது. படத்தில் சண்டைக் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு நாளைக்கு ஐந்தாறு விமானங்கள் மட்டும் வந்து போகும் சின்ன நிலையத்தில் கதை வேறு. வேலிக்கு வெளியே ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒரு விமானம் புள்ளியாகத் தெரிவதிலிருந்து மறுபடி புள்ளியாக மறைவது வரை மொத்தத்தையும் பார்க்கலாம். சொகுசுக் கப்பல் துறைமுகமும் அப்படித்தான். வருவது ஒரு கப்பல், பார்க்க ஒரு நாள். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பழக வேண்டிய பொறுமை ஒன்றுதான்.

எங்கே போவது

முதலில் வரைபடத்தை எடுங்கள். செயற்கைக்கோள் படம் இருந்தால் நல்லது. விமான நிலையத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஓடுபாதை எந்தத் திசையில் கிடக்கிறது, டெர்மினல் எந்தப் பக்கம், வேலியை ஒட்டிப் பொதுச் சாலை எங்கே போகிறது. ஓடுபாதையின் இரண்டு முனைகளில் ஒன்றையாவது பொதுச் சாலை தொட்டுக்கொண்டு போனால் அது நல்ல இடம். டெர்மினலிலேயே பார்வையாளர் மாடம் இருந்தால் இன்னும் வசதி. பல நாடுகளில் பாதுகாப்புக் காரணம் சொல்லி அவற்றை மூடிவிட்டார்கள். ஜப்பானில் சின்னச் சின்ன நிலையங்களில்கூட வழியனுப்ப வந்தவர்கள் நிற்க மாடம் வைத்திருக்கிறார்கள்.

துறைமுகத்தில் தேட வேண்டியது நகரத்தின் நடைபாதை. சரக்குத் துறைமுகம் ஊருக்கு வெளியே, சுவருக்குள் இருக்கும். சொகுசுக் கப்பலோ பயணிகளை ஊருக்குப் பக்கத்தில் இறக்கிவிடப் பார்க்கும். சிட்னியில் சர்க்குலர் கீ முனையத்தின் எதிரே பொது நடைபாதையில் நின்றால் கப்பலின் முழுப் பக்கமும் தெரியும். சௌத்தாம்ப்டனில் மேஃபிளவர் பூங்காவின் புல்வெளியிலிருந்து கப்பல்கள் போவதைப் பார்க்கலாம்.

விமானமும் கப்பலும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஊர்களும் உண்டு. அவை எனக்குத் தனிப் பிரியம். வான்கூவரில் கனடா பிளேஸ் முனையத்தில் சொகுசுக் கப்பல் கட்டி நிற்கும். பக்கத்திலேயே கோல் ஹார்பரில் மிதவை விமானங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும். அலாஸ்காவின் கெட்சிகன் இன்னும் வேடிக்கை. கப்பல்கள் ஊரின் முன்னால் நிற்கும், விமான நிலையம் எதிர்த் தீவில் இருக்கும், நடுவே உள்ள கால்வாயைப் படகில் கடந்துதான் விமானம் ஏறப் போக வேண்டும். அதே கால்வாயில் மிதவை விமானங்களும் இறங்கும். கரீபியனில் சின்ட் மார்ட்டின் தீவிலும் இரண்டும் உண்டு. ஆனால் அங்கே ஓடுபாதை முனையில் இருக்கும் மாஹோ கடற்கரையைப் பற்றிப் பின்னால் ஒரு எச்சரிக்கை சொல்கிறேன்.

விசித்திரமான நிலையங்களை முதல் பயணத்திலேயே தேடிப் போக வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் பாரா தீவில் கடற்கரை மணலே ஓடுபாதை. மூன்று ஓடுபாதைகளும் கடல்நீர் ஏறும் நேரத்தில் தண்ணீருக்குள் போய்விடும், அதனால் விமான நேரம் கடலைப் பார்த்துத்தான் வகுக்கப்படுகிறது. காற்றின் திசை காட்டும் துணிக் குழாயான காற்றுப்பை பறந்துகொண்டிருந்தால் மணலில் யாரும் இறங்கக் கூடாது. ஜிப்ரால்டரில் ஊருக்குள் போகும் சாலை ஓடுபாதையைக் குறுக்கே வெட்டும். 2023-இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு வண்டிகள் அதன் வழியே போகின்றன. நடந்து போகிறவர்கள் இன்னும் ஓடுபாதையைத்தான் கடக்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கண் பழகாமல் அங்கே போனால் விசித்திரம் மட்டும் நினைவில் நிற்கும், விமானம் நிற்காது.

நேரத்தைப் பிடிப்பது

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன விமான நிலையத்துக்கு நான் முதன்முதலாகப் போனபோது, நாளுக்கு ஆறு விமானம் என்று எங்கோ படித்ததை நம்பி, பத்தரை மணி பேருந்தில் போய் இறங்கினேன். காலையில் மூன்று போயிருந்தன. மீதி மூன்றும் மாலை ஐந்துக்கு மேல். டெர்மினல் கதவில் பூட்டு. திரும்பிப் போகும் பேருந்து நான்கு மணி நேரம் கழித்து. வேலியோரம் நின்று புல் வெட்டும் டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

சின்ன நிலையங்கள் அலை அலையாகத்தான் இயங்கும். காலையில் ஒரு கொத்து, மாலையில் ஒரு கொத்து. ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவர்களை நகரத்தில் கொண்டு சேர்ப்பதும், பெரிய நிலையத்தில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வைப்பதும்தான் இந்தச் சேவைகளின் வேலை. நடுப்பகல் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே எத்தனை விமானம் என்று பார்க்காதீர்கள், எப்போது என்று பாருங்கள். நிலையத்தின் தளத்தில் அன்றைய வருகை, புறப்பாடு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய நாளும் அதே கிழமையில் போன வாரமும் எப்படி இருந்தது என்றும் பாருங்கள். சில சேவைகள் வாரத்தில் இரண்டு நாள்தான் இருக்கும்.

கப்பலுக்குத் துறைமுக நிர்வாகமே பட்டியல் போடும். எந்தத் தேதியில் எந்தக் கப்பல், எந்த பெர்த்தில் (கரையோர நிறுத்துமிடத்தில்), எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது போகிறது எல்லாம் அதில் இருக்கும், பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்பே. அதில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பயணம் தொடங்கி முடியும் துறைமுகம் என்றால் கப்பல் அன்று முழுக்கப் பரபரப்பாக இருக்கும்: பழைய பயணிகள் இறங்க, பெட்டிகள் இறங்க, சாமான்கள் ஏற, எரிபொருள் படகு வந்து ஒட்ட, புதிய பயணிகள் ஏற. நடுவில் வந்து போகும் துறைமுகம் என்றால் பயணிகள் ஊர் சுற்றப் போய்விடுவார்கள், கப்பல் தூங்கும். வேடிக்கைக்கு முதல் வகையே மேல். மூன்றாவதாக ஒன்று உண்டு: சாண்டோரினி போன்ற இடங்களில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நின்றுகொண்டு சிறு படகுகளில் பயணிகளை அனுப்பும். அங்கே கரையில் நின்று கப்பலைப் பார்க்க தூரநோக்கி வேண்டும்.

விடியற்காலையில் வந்து மாலையில் போவதுதான் கப்பல்களின் பொது வழக்கம். வருகையைப் பார்க்க வேண்டுமென்றால் இருட்டில் எழுந்தாக வேண்டும், வேறு வழியில்லை. பத்துப் பதினைந்து மாடி உயரத்துக்கு நிற்கும் கப்பல் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. காற்று பலமாக இருந்தால் கேப்டன் அந்தத் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் வீட்டை விட்டுக் கிளம்புமுன் கப்பல் உண்மையிலேயே இந்தப் பக்கம் வருகிறதா என்று செல்பேசியில் பார்த்துவிடுங்கள்.

செல்பேசியில் தெரிவதும் தெரியாததும்

விமானங்கள் தங்கள் இடத்தைத் தாங்களே வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகின்றன. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். அலைவரிசை 1090 மெகாஹெர்ட்ஸ். தரையில் ஆர்வலர்கள் வைத்திருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்து அனுப்ப, ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகள் வரைபடத்தில் காட்டுகின்றன. கப்பல்களுக்கு ஏஐஎஸ். சர்வதேசப் பயணம் போகும் 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், அளவு எதுவானாலும் பயணிகள் கப்பல்களுக்கும் அது கட்டாயம். மரைன்டிராஃபிக் போன்றவை காட்டுவது அதைத்தான்.

புதியவர்கள் ஏமாறும் இடங்கள் இரண்டு. விமான அலை நேர்க்கோட்டில் போவது. நடுவே மலை இருந்தால் ஏற்பிக்குக் கிடைக்காது. சின்ன நிலையத்தை நெருங்கித் தாழ இறங்கியதும் விமானம் திரையிலிருந்து மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள், இன்னும் சில நிமிடங்களில் வந்துவிடும். கப்பல் விஷயத்தில், போகுமிடமும் சேரும் நேரமும் கப்பலில் உள்ளவர்கள் கையால் பதிவது. போன துறைமுகத்தின் பெயரை மாற்ற மறந்திருப்பார்கள். அந்த நேரமும் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும், உள்ளூர் நேரத்தில் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு கப்பல் போன பிறகு கரைக்கு வந்து நிற்பவர்கள் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள்.

காற்றையும் வெயிலையும் கேட்டு நில்லுங்கள்

விமானம் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஏறும், இறங்கும். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஓடுபாதையின் எண் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்து வருவது: மேற்கு நோக்கி 270 பாகை என்றால் 27, அதே பாதையின் மறுமுனை 09. இரண்டு எண்களுக்கும் எப்போதும் 18 வித்தியாசம். பூமியின் காந்த வடக்கு மெதுவாக நகர்வதால் இந்த எண்களையும் அவ்வப்போது மாற்றி எழுத வேண்டி வரும். லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் 2009-இல் 05/23 என்பது 04/22 ஆனது.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதை மெட்டார் என்ற வானிலை அறிக்கை சொல்லும். அதில் 27008 என்று ஒரு தொகுதி இருந்தால், 270 பாகையிலிருந்து 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் காற்று என்று பொருள். அன்று ஓடுபாதை 27-தான் பயன்படும். விமானம் கிழக்கிலிருந்து வரும். நீங்கள் கிழக்கு முனைச் சாலைக்குப் போக வேண்டும். அறிக்கை கைவசம் இல்லையா, நிலையத்தின் காற்றுப்பையைப் பாருங்கள். அதன் வால் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் விமானம் இறங்கி வரும்.

அப்புறம் வெயில். பூமியின் வட பாதியில் இருந்தால் ஓடுபாதைக்குத் தெற்கே நில்லுங்கள், வெயில் முதுகில் விழும். தென் பாதியில் நேர்மாறு. காலை ஏற ஏறத் தரைச்சூட்டில் காற்று நெளியத் தொடங்கும். அதற்குப் பிறகு தொலைவில் நிற்கும் எதைப் படமெடுத்தாலும் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்த மாதிரி வரும். எந்த விலை உயர்ந்த லென்ஸும் அதைச் சரி செய்யாது.

ஓடுபாதை முனையில் நிற்கும்போது, பக்கவாட்டில் வரிசையாக நான்கு விளக்குகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சரியான சரிவில் இறங்கும் விமானிக்கு அவற்றில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. உயரம் அதிகமானால் வெள்ளை கூடும், குறைந்தால் சிவப்பு கூடும். சாலையில் நிற்கும் உங்களுக்கு நான்கும் சிவப்பாகத் தெரியும். விமானியின் கணக்கில் நீங்கள் மிக மிகத் தாழ்வாக வருகிறீர்கள்!

முதல் அரை மணி நேரம்: ஒரு ஏடிஆர் வந்து போவது

சின்ன நிலையங்களில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ஏடிஆர் 72. பிரான்ஸின் துலூஸில் தயாராகும் டர்போபிராப், அதாவது புரொப்பல்லரால் பறக்கும் விமானம். முதலில் பறந்தது 1988. இறக்கை உடலுக்கு மேலே, வால் ஆங்கில டி எழுத்து வடிவில். டேஷ் 8 விமானமும் இதே வாகுதான் என்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். சக்கரத்தைப் பாருங்கள். ஏடிஆருக்கு வயிற்றின் இரு பக்கப் புடைப்புகளிலிருந்து குட்டைக் கால்கள் வரும். டேஷ் 8-க்கு எஞ்சினுக்கு அடியிலிருந்து கொக்கு மாதிரி நீண்ட கால்கள்.

விமானம் தானே வளைந்து வந்து நிற்கும். பெரிய நிலையம் மாதிரி ஒட்டி நிற்கும் பாலமும் கிடையாது, கிளம்பும்போது பின்னுக்குத் தள்ளும் வண்டியும் பெரும்பாலும் கிடையாது. சக்கரங்களுக்குக் கட்டை வைப்பார்கள். இப்போது எஞ்சின்களைக் கவனியுங்கள். இடது எஞ்சின் ஓய்ந்துவிடும். வலது பக்கம் புரொப்பல்லர் அசையாமல் நிற்கும், ஆனால் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஏதோ கோளாறு என்றே தோன்றும். விஷயம் இதுதான்: பெரிய ஜெட் விமானங்களின் வாலில், தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் கொடுக்க ஒரு குட்டி எஞ்சின் இருக்கும். ஏடிஆரில் அது இல்லை. எடையை மிச்சம் பிடிக்க, வலது எஞ்சினின் புரொப்பல்லருக்கு மட்டும் ஒரு பிரேக் வைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு அந்த வேலையை வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு ஹோட்டல் மோடு என்று பெயர். கம்பி மாதிரி உறைந்து நிற்கும் ஆறு இதழ்களுக்குப் பின்னால் சூடான காற்று நெளிவதைப் பார்த்தால் புரியும்.

அடுத்து வால் பக்கம். பயணிகள் பின்கதவு வழியாக இறங்குவார்கள், பெட்டிகள் முன்கதவு வழியாகப் போகும். முன்பாரம் குறைந்து, பின்னால் ஆட்கள் கூடினால் விமானம் வால் தட்டிக் குந்திவிடும். அதனால் ஆள் இறங்குமுன் வாலுக்குக் கீழே ஒரு ஊன்றுகோலைச் செருகுவார்கள். தாத்தா கைத்தடி ஊன்றி நிற்பது போல அரை மணி நேரம் அப்படியே நிற்கும். கிளம்புமுன் அதை எடுத்தார்களா என்று பார்ப்பது எனக்கு இன்றைக்கும் ஒரு சின்ன பதற்றம். எப்போதும் எடுத்துவிடுகிறார்கள்.

படமெடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஏறும்போது இந்தப் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 1200 சுற்று, அதாவது நொடிக்கு 20. ஷட்டரை 1/1000 நொடியில் வைத்தால் அதற்குள் இதழ் 7 பாகைதான் நகர்ந்திருக்கும். படத்தில் புரொப்பல்லர் நின்றுபோய், விமானம் வானத்தில் தொங்கும் பொம்மை மாதிரி வரும். 1/125-இல் வைத்தால் கிட்டத்தட்ட 58 பாகை. ஆறு இதழ்களுக்கு இடையே இருப்பது 60 பாகை என்பதால் அழகான முழு வட்டமாக வரும். கை நடுங்காமல் விமானத்தோடு சேர்ந்து கேமராவையும் திருப்பப் பழக வேண்டும். முதல் நூறு படம் மங்கலாகத்தான் வரும். 1/250-இல் தொடங்கிப் படிப்படியாகக் கீழே வாருங்கள்.

பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாலுக்கு அருகே உடலில் எழுதியிருக்கும். முதல் எழுத்து நாட்டைச் சொல்லும்: என் அமெரிக்கா, ஜி பிரிட்டன், டி ஜெர்மனி, ஜேஏ ஜப்பான். நிறுவனத்தின் பெயிண்ட் மாறும், பெயர் மாறும். எண்ணை வைத்துத்தான் ஒரு விமானத்தின் வரலாற்றைத் தேட முடியும்.

கரையில்: கப்பலை வடத்தால் கட்டுவது

விடியுமுன் போய் நின்றால் முதலில் தெரிவது கப்பல் அல்ல, பைலட் படகு. உள்ளூர்க் கடலின் ஆழம், நீரோட்டம் எல்லாம் அறிந்த பைலட்டை ஏற்றிவர அது வெளியே போகும். இரவில் அதன் உச்சியில் வெள்ளை விளக்கும் அதற்குக் கீழே சிவப்பு விளக்கும் எரியும். பைலட் ஏறிய பிறகு கப்பலில் பாதி வெள்ளை, பாதி சிவப்பாக ஒரு கொடி பறக்கும். நீல நடுவில் வெள்ளைச் சதுரம் கொண்ட கொடி தெரிந்தால் சீக்கிரம் கிளம்பப்போகிறது என்று பொருள்.

நவீன சொகுசுக் கப்பல்களில் பலவற்றுக்கு இழுவைப் படகு தேவையே இல்லை. பின்பக்கமான அமரத்தின் அடியில் முழு வட்டமும் திரும்பக்கூடிய உந்திகள், முன்பக்கமான அணியத்தில் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள். அணியத்தின் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு மேலே வட்டத்துக்குள் பெருக்கல் குறி வரைந்திருந்தால், அதற்கு நேர் கீழே அந்த உந்தி இருக்கிறது, படகுகள் கிட்டே வராதீர்கள் என்று அர்த்தம். முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கட்டடம் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து வருவதை முதன்முதலில் பார்க்கும்போது, கரைதான் நகர்கிறதோ என்று தோன்றும்.

கப்பலிலிருந்து முனையில் கனமான முடிச்சு கட்டிய மெல்லிய கயிறு ஒன்று பறந்து வரும். கரையில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுப்பார்கள். அதன் பின்னால் கை அளவு தடிமனான வடம் தண்ணீரைத் தொட்டு எழுந்து வரும். வடத்தின் வளையத்தைக் கரையிலுள்ள இரும்புத் தூணில் மாட்டிவிட்டுக் கையை உயர்த்துவார்கள், கப்பலின் பொறி வடத்தை இறுக்கும். முன்னோக்கி இழுப்பவை, பின்னோக்கி இழுப்பவை, இரண்டுக்கும் இடையே கப்பலை நகரவிடாமல் குறுக்கே பிடிப்பவை என்று மொத்த வடங்களின் அமைப்பையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எது எதை எதிர்த்துப் பிடிக்கிறது என்று புரியும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வடத்திலும் வட்டத் தகடு ஒன்றை மாட்டுவார்கள். எலி வடத்தில் நடந்து கப்பலுக்குள் ஏறாமலிருக்க. நூற்றுக்கணக்கான கோடிக் கப்பல், எலிக்கு ஒரு தகடு.

இறுகிய வடம் அறுந்தால் சாட்டை மாதிரி சுழன்று வரும். அந்த வீச்சில் நிற்பவர் பிழைப்பது கடினம். தூண்கள் இருக்கும் பகுதிக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள். விட்டாலும் போகாதீர்கள்.

அமரத்தில் கப்பலின் பெயரும் கீழே பதிவான துறைமுகமும் இருக்கும்: நஸ்ஸாவ், பனாமா, வலெட்டா, ஹாமில்டன். அந்தக் கப்பல் அங்கே போயிருக்க வேண்டும் என்பதில்லை. சட்டத்துக்கும் வரிக்கும் வசதியான முகவரி, அவ்வளவே. 2004-இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2-வின் அமரத்தில் சௌத்தாம்ப்டன் என்றுதான் இருந்தது. 2011-இல் அது ஹாமில்டன் ஆனது. பழைய ஆர்வலர்கள் பலருக்கு அது இன்னும் ஆறவில்லை.

பெயரும் ஊரும் மாறினாலும் மாறாதது ஐஎம்ஓ எண், கப்பலுக்கென்றே கொடுக்கும் அடையாள எண். ஏழு இலக்கம். பயணிகள் கப்பலில் வானிலிருந்து தெரியும்படி மேல்பரப்பிலும் அதை எழுதியிருக்க வேண்டும். நீங்கள் குறித்த எண் சரியா என்று அங்கேயே சோதிக்கலாம். 9074729 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 63, 0, 35, 16, 21, 4. கூட்டினால் 139. அதன் கடைசி இலக்கம் 9. எண்ணின் ஏழாவது இலக்கமும் 9. சரி. பொருந்தவில்லை என்றால் தூரநோக்கியில் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

கப்பலின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2024-இல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன் என்று படிப்பீர்கள். அது எடை இல்லை. மூடிய உள்ளிடத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டு வரும் எண். எடை என்று சொல்லி யாராவது வாதாடினால் விட்டுவிடுங்கள்.

அனுமதியும் ஆபத்தும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். 2001 நவம்பரில் கிரீஸில் கலமாதா விமானப்படைத் தளத்தில் விமான எண்களைக் குறித்துக்கொண்டிருந்த 14 ஆர்வலர்கள், 12 பிரிட்டானியரும் 2 டச்சுக்காரரும், கைதானார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை, அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. இப்படி ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது என்பதையே நீதிமன்றத்தில் விளக்க வேண்டி வந்தது. ஆகவே ராணுவமும் பயணிகள் சேவையும் ஒரே ஓடுபாதையைப் பகிரும் நிலையங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், தொடக்கத்திலாவது. விமானிகளின் வானொலியைக் கேட்பது சில நாடுகளில் சாதாரணம், சில நாடுகளில் குற்றம். போகும் நாட்டின் சட்டத்தைப் படித்துவிட்டு ஏற்பியை எடுங்கள். டிரோனை வீட்டிலேயே வையுங்கள்.

துறைமுகங்களில் 2004 ஜூலை 1 முதல் ஐஎஸ்பிஎஸ் என்ற சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. சர்வதேசக் கப்பல் நிற்கும் தளத்துக்கு வேலியும் அடையாளச் சீட்டும் அதனால்தான். வேலிக்கு உள்ளே போக ஆசைப்பட வேண்டாம். கொஞ்சம் தள்ளி, உயரமான இடத்திலிருந்து பார்த்தால் கப்பல் முழுதாகத் தெரியும், பக்கத்தில் நின்றால் வெறும் வெள்ளைச் சுவர்தான்.

காவலர் வந்து கேட்டால், கேமராவை மறைக்காதீர்கள். அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். நான் முதலில் நோட்டுப் புத்தகத்தைத்தான் காட்டுவேன். தேதி, நேரம், பதிவெண் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைப் பார்த்ததும் பெரும்பாலான முகங்களில், பாவம், ஏதோ பைத்தியம் என்ற இளக்கம் வந்துவிடும். அழிக்கச் சொன்னாலோ, போகச் சொன்னாலோ வாதாடாமல் கிளம்புங்கள். சின்ன இடங்களில் அடுத்த முறையும் அதே ஆள்தான் இருப்பார்.

முன்பு சொன்ன மாஹோ கடற்கரை: அங்கே ஓடுபாதை வேலியைப் பிடித்துக்கொண்டு, ஜெட் எஞ்சினின் காற்றில் தொங்குவது ஒரு விளையாட்டாகவே இருக்கிறது. 2017 ஜூலையில் அப்படி நின்ற ஒரு பெண் தூக்கி எறியப்பட்டு இறந்தார். இறங்கும் விமானத்துக்குக் கீழே நிற்பதில் சத்தம்தான் பிரச்சினை. ஏறப்போகும் ஜெட்டுக்குப் பின்னால் நிற்கவே கூடாது.

பையில் என்ன

தண்ணீர், தொப்பி, காற்றுக்கு ஒரு மேலாடை (துறைமுகத்தில் கோடையிலும் குளிரும்), கூடுதல் மின்கலம், 8×42 அளவில் ஒரு தூரநோக்கி. கேமராவைவிடத் தூரநோக்கிக்கு முதலில் செலவழியுங்கள் என்பது என் கட்சி. ஏணி வேண்டாம், வேலியோரம் ஏணியைக் கண்டாலே காவலர்களுக்கு ஆகாது.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் வரிசை இப்படி: விடியலில் துறைமுகம், கப்பல் வருகை. அதைக் கரையில் கட்டி முடித்ததும் காலைக் கொத்தின் கடைசி விமானத்துக்கு நிலையம். நடுப்பகலில் ஓய்வு, குறிப்புகளைச் சரிபார்ப்பது. பிறகு மறுபடி துறைமுகம். பயணிகள் ஏறி முடிக்க வேண்டிய நேரம் பொதுவாகப் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பு. அந்த அரை மணியில் தாமதமாக ஓடிவருகிறவர்களைப் பார்ப்பதும் வேடிக்கையின் ஒரு பகுதிதான், ஒத்துக்கொள்கிறேன்.

வடங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரில் விழும். மூன்று குறுகிய ஊதல் கேட்டால் உந்திகள் பின்னோக்கி இயங்குகின்றன என்று பொருள். நீண்டு நீண்டு மூன்று ஊதினால் அது வணக்கம். கரையில் நிற்கும் நீங்கள் கையை ஆட்டலாம். கப்பல் திரும்பிக் கடலைப் பார்த்ததும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் நில்லுங்கள். பைலட் படகு கப்பலின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஓடும், கப்பலும் நிற்காது, படகும் நிற்காது. பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு திறந்து, கயிற்று ஏணியில் ஓர் ஆள் இறங்கிப் படகுக்குள் கால் வைப்பார். படகு விலகித் திரும்பும். அதுவரை பாருங்கள், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் காலையிலேயே கேட்டு வைத்துவிடுங்கள்.